மீட்டரம்மா பார்க்கக் கூடாத அடுப்பு

மின்வாரியத்தில் மீட்டர் பரிசோதனைக் கூடத்துக்குத் தலைமை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதால் அவருக்கு மீட்டரம்மா என்றே பெயர் நிலைத்துவிட்டது. வேலையில் இருந்த காலத்தில் அமைச்சர் வீட்டு மீட்டரைக்கூடக் கழற்றிக்கொண்டு வந்து சோதித்தவர். ஓய்வுக்குப் பிறகாவது நிம்மதியாக இருப்பார் என்று கணவர் நம்பியிருந்தபோதுதான், கார்பன் சான்றிதழ் திட்டம் ஒன்றின் சுதந்திரமான மேற்பார்வைக் குழுவில் அவரைப் போட்டார்கள்.

"அப்படின்னா என்ன?" என்றார் கணவர்.

"எங்கயோ ஒரு ஃபேக்டரி புகை விடுது. அதை நிறுத்தறதுக்குப் பதிலா, விறகு எரிக்கிற வீடுங்களுக்குக் கொஞ்ச விறகுலயே எரியற அடுப்பு வாங்கித் தருது. இவ்வளவு புகை குறைஞ்சிருக்குன்னு ஒரு நிறுவனம் சான்றிதழ் குடுக்குது. அவங்க ஒழுங்காப் பாத்துட்டுத்தான் குடுக்கறாங்களான்னு நாங்க பாக்கணும்."

"சரி, உங்களை யாரு பாக்கறது?"

"நீங்கதான் நாள் முழுக்கப் பாத்துக்கிட்டே இருக்கீங்களே, அது போதாதா?"

குழுவில் மூன்று பேர். தலைவர் ஓய்வு பெற்ற நீதிபதி. கூட்டம் தொடங்கிய சற்று நேரத்தில் கண்ணை மூடிக்கொள்வார். இன்னொருவர் பேராசிரியர், யார் எதைச் சொன்னாலும் "அதுவும் சரிதான்" என்பார். குழுவுக்கான அறை சான்றிதழ் நிறுவனத்தின் கட்டடத்திலேயே இருந்தது. அறைச் சாவி அந்த நிறுவனத்தின் மேலாளரிடம் இருந்தது. எந்த வீடுகளுக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்று தீர்மானிப்பவரும் அவரே.

"வீடுங்களை நாங்களே குலுக்கல் போட்டு எடுத்துக்கறோம்" என்று மீட்டரம்மா ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்பார். "நடைமுறையில அதுக்கு இடமில்ல மேடம்" என்று மேலாளர் ஒவ்வொரு கூட்டத்திலும் சிரித்துக்கொண்டே சொல்வார். அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே மீட்டரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்படியிருக்கும்போது ஒரு நாள் நாத்தனார் போன் செய்தாள்.

"அண்ணி, அண்ணன்கிட்ட சொல்லி ஒரு ஆளை அனுப்புங்க. பரண்ல இருந்து அடுப்பை இறக்கணும்."

"என்ன அடுப்பு?"

"இலவசமாக் குடுத்தாங்களே, அதுதான். யாரோ பெரிய மனுஷங்க பாக்க வராங்களாம். நல்லாத் துடைச்சு முன்னாடி வைக்கச் சொல்லியிருக்காங்க. விறகுகூட அவங்களே குடுத்துட்டாங்க."

"நீ எப்படி விறகு எரிப்பே? உன் வீட்டுலதான் கல்யாணம் ஆன நாள்லேருந்து காஸ் இருக்கே!"

"அது எனக்குத் தெரியாதா அண்ணி? குடுத்தாங்க, வாங்கிக்கிட்டேன். தெருவுல எல்லாரும்தான் வாங்கினாங்க."

பார்க்க வரப்போகும் பெரிய மனுஷி தான்தான் என்று சொல்ல மீட்டரம்மாவுக்கு வாய் வரவில்லை. தலையில் அடித்துக்கொண்டார்.

மறுநாள் கூட்டத்தில் எல்லாவற்றையும் போட்டு உடைத்தார். மேலாளர் முகம் ஒரு நொடி சுருங்கி, உடனே மலர்ந்தது.

"அப்போ அந்தத் தெருவுல உங்க சொந்தக்காரங்க இருக்காங்க! நீங்க வரக் கூடாதே மேடம். நடுநிலைமை போயிடுமே."

"நான் சொல்றது உங்க காதுல விழுதா? முன்கூட்டியே சொல்லி, அடுப்பை இறக்க வெச்சு, விறகு குடுத்து..."

"நீங்களே போட்ட விதிதான் மேடம். உறவு இருந்தா விலகணும்."

அது உண்மைதான். முதல் கூட்டத்தில் சண்டை போட்டு அந்த விதியைச் சேர்த்ததே மீட்டரம்மாதான். பேராசிரியர் "அதுவும் சரிதான்" என்றார். நீதிபதி கண்ணைத் திறக்கவில்லை.

மற்ற இருவரும் போய் வரும்வரை மீட்டரம்மா வீட்டில் பொருமிக்கொண்டே இருந்தார். "அந்தத் தூங்குமூஞ்சி என்னத்தைப் பாப்பாரு? டீயைக் குடிச்சிட்டுக் கையெழுத்துப் போட்டுட்டு வருவாரு." கணவர் ஆறுதல் சொல்ல வந்து, அவர் பங்குக்கும் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அடுத்த கூட்டத்தில் பேராசிரியர் தொண்டையைக் கனைத்தார். "எல்லா வீட்டுலயும் அடுப்பு பளபளன்னு இருந்தது. ரொம்பத் திருப்தி."

மேலாளர் பேனாவை எடுத்தார். அப்போது நீதிபதி கண்ணைத் திறந்தார்.

"ஒவ்வொரு வீட்டுலயும் இந்த அடுப்புல போட்டதுன்னு சொல்லி டீ குடுத்தாங்க. இன்னொரு டீ கேட்டேன். அடுப்பு அணைஞ்சு கிடந்தது, டீ மட்டும் உள்ளேயிருந்து சுடச்சுட வந்தது. அடுப்புப் பக்கத்துல விறகுக் கட்டு. எல்லா வீட்டுலயும் ஒரே நீலக் கயிறு, ஒருத்தரும் அவிழ்க்கவே இல்ல." மேலாளர் பக்கம் திரும்பினார். "அம்மா அன்னைக்குச் சொன்னப்போ நான் தூங்கல. என் கண்ணால பாக்காம எழுதக் கூடாதுன்னு இருந்தேன்."

"அதுவும்..." என்று ஆரம்பித்த பேராசிரியர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

மீட்டரம்மாவுக்கு மகிழ்ச்சியைவிட எரிச்சல்தான் முதலில் வந்தது. "இதை அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் ரெண்டு ராத்திரி தூங்கியிருப்பேன்ல சார்?"

"சொல்லியிருந்தா நாங்க போறதுக்குள்ள கயிறை அவிழ்த்து வெச்சிருப்பாங்கம்மா."

குழு எழுதிய அறிக்கையால் அந்த ஊருக்கான சான்றிதழ்கள் நிறுத்தப்பட்டன. வீடுகளைக் குழுவே குலுக்கலில் எடுக்கலாம், சொல்லாமல் போகலாம் என்றும் ஆனது. ஆனால் மீட்டரம்மாவின் பதவிக்காலம் முடிந்தபோது நீட்டிக்கவில்லை. "புது ரத்தம் வேணும் மேடம்" என்று அதே சிரிப்போடு சொன்ன மேலாளர், தன் நாற்காலியில் அப்படியே இருந்தார்.

நாத்தனார் பல வாரம் பேசவில்லை. பிறகு அவளே வந்து, செருப்பைக் கழற்றும்போதே தொடங்கினாள்.

"தெருவுல எல்லாரும் என்னைத்தான் முறைக்கறாங்க அண்ணி. வீட்டுல இருக்கறவங்களை மாட்டிவிட்டுட்டு அப்படி என்ன வேலை அது?"

"உன்னை எங்கடி மாட்டிவிட்டேன்? உன் பேரையே யாரும் எழுதல. விறகுல டீ போட்டேன்னு அவங்ககிட்ட சொன்னியா இல்லையா?"

"அந்தப் பெரியவர் ரெண்டாவது டீ கேப்பாருன்னு நான் என்னத்தைக் கண்டேன்!"

மீட்டரம்மா சிரிக்கக் கூடாது என்றுதான் உதட்டைக் கடித்துக்கொண்டார். உள்ளறையில் கணவர் சிரித்துவிட்டார்.