தங்கையிடம் மட்டும் சொல்லாதது

என் மனைவியைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் பொறுமை என்ற ஒரே வார்த்தையைத்தான் பிடித்துக்கொள்வார்கள். "உங்க வீட்டம்மாவுக்கு ரொம்பப் பொறுமைங்க, அந்த மாதிரிப் பிள்ளைங்களோட எப்படித்தான் இருக்காங்களோ" என்று என் கடைக்கு லேமினேஷன் போட வருகிறவர்கள்கூடச் சொல்லிவிட்டுப் போவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பொறுமையாம். குழாயடியில் வாளி நிரம்பும்வரை நிற்க அவளுக்குப் பொறுமை கிடையாது, பாதி வாளியோடு தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். நான் சட்டைப் பொத்தான் போடுவதற்குள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நின்று, "ஏங்க, மாப்பிள்ளை கிளம்ப இன்னும் எவ்வளவு நேரமாகும்?" என்பாள். அவளிடம் இருந்தது பொறுமை இல்லை, தொழில். கற்றுக்கொண்டு, பழகி, கைக்கு வந்த தொழில்.

நான் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவேன். கேலியாக ஆரம்பித்தது, அப்படியே ஒட்டிக்கொண்டது.

முதலில் அவள் சாதாரண டீச்சர்தான். ஒன்றாம் வகுப்பு. கடைசி வரிசையில் ஒரு சின்னப் பெண் இருந்தாளாம். வாய் ஓயாமல் பேசுவாள், ஒரு கதையை ஒரு தடவை சொன்னால் ஒரு வரி விடாமல் திருப்பிச் சொல்வாள், ஆனால் புத்தகத்தைத் திறந்தால் வாயடைத்துப் போவாள். இவ்வளவு பேசத் தெரிந்தவளுக்குப் படிக்க மட்டும் தெரியாதா, எல்லாம் கொழுப்பு என்று டீச்சர் அவளை வெளியே நிற்க வைத்தாள். பள்ளிக்குக் கிளம்பும்போதே மகள் வாந்தி எடுக்கிறாள் என்று ஒருநாள் அவளுடைய அப்பா வந்து கையைப் பிசைந்துகொண்டு சொன்னார். அன்று வீட்டுக்கு வந்த டீச்சருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. அடுத்த வருடமே வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு ஸ்பெஷல் டீச்சர் படிப்பில் சேர்ந்தாள். கல்யாணமான புதிது. நான் கடையையும் பார்த்து அடுப்பையும் பார்த்தேன், இரண்டும் கருகின.

எழுத்து வராத பிள்ளைகள் எல்லோரும் ஒரே மாதிரி இல்லை என்று அங்கேதான் படித்தாள். சில பிள்ளைகளுக்கு அறிவு தெளிவாக இருக்கும், எழுத்து மட்டும் பிடிபடாது. மணலில் விரலால் எழுத வைத்து, ஒலி ஒலியாகப் பிரித்துக் காட்டினால் பிடித்துக்கொள்வார்கள். சில பிள்ளைகளுக்கு வளர்ச்சியே மெதுவாகப் போகும். அவர்களிலும் ஓரளவு படிக்கிறவர்கள் உண்டு. எழுத்து எட்டவே எட்டாதவர்களும் உண்டு. அவர்களுக்குப் பசித்தால் சொல்லவும், பொத்தான் போடவும், முன்பின் தெரியாதவர் கூப்பிட்டால் போகாமலிருக்கவும் பழக்க வேண்டும். எந்தப் பிள்ளை எது என்று பிரித்துப் பார்ப்பதுதான் அந்தத் தொழிலின் உயிர்.

சில காலம் மருத்துவமனையில் வேலை பார்த்தாள். பிறகு ஒரு பள்ளியில் மாடிப்படிக்கு அடியில் ஒரு அறை கொடுத்தார்கள். ஒரு பக்கம் குனிந்துதான் போக வேண்டும், பிள்ளைகளுக்கு அந்தச் சரிவுப் பக்கம்தான் பிடிக்கும். குட்டை மேஜை, சுவரில் முகக்கண்ணாடி, மணல் தட்டு, படம் ஒட்டிய அட்டைகள். அட்டைகள் எல்லாம் என் கடை லேமினேஷன். கடிக்கிற பிள்ளைகள் உண்டு என்பதால் மூலைகளை உருட்டி வெட்ட வேண்டும். கொஞ்சம் கூராக இருந்தாலும் "இது குத்தும்" என்று திருப்பிக் கொடுத்துவிடுவாள். பெரிய பெரிய வாடிக்கையாளர்கள்கூட என்னை இப்படி அலைக்கழித்ததில்லை.

பெற்றோரிடம் அவள் பேச்சு வெட்டு ஒன்று துண்டு இரண்டு. ஆனால் நின்றுகொண்டு சொல்ல மாட்டாள். அவர்களையும் அந்தக் குட்டை நாற்காலியில் உட்கார வைத்து, தானும் உட்கார்ந்து, பிள்ளைக்கு எது வராது, எது வரும், நாளைக் காலையில் எதில் ஆரம்பிக்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுவாள். மகனுக்கு முதலில் பல்துலக்கப் பழக்குங்கள் என்றதற்கு ஒரு வங்கி மேனேஜர் அவளைக் கண்டபடி திட்டிவிட்டுக் கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனார். அடுத்த வாரம் மகனுடைய பல்துலக்கும் பிரஷ்ஷைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்து நின்றார். பார்க்கலாம், கடவுள் விட்ட வழி என்றெல்லாம் சொல்லி அனுப்புகிற டீச்சர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது.

"ஆசை காட்டி அனுப்பறது பாவம்ங்க" என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். "முடியும்னு அம்மா நம்பிட்டா, முடியாதப்ப அது திமிருன்னுதான் தோணும். அப்படித் தோணிட்டா கை சும்மா இருக்காது."

இவ்வளவும் தெரிந்தவள்தான் அந்தக் காரியத்தைச் செய்தாள்.

என் கொழுந்தியாள் டீச்சரைவிட ரொம்பச் சின்னவள். என் மாமியார் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டதால் தங்கைக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியதும், மடியில் வைத்து எழுத்துக்கூட்டப் பழக்கியதும் டீச்சர்தான். எங்கள் கல்யாணத்தன்று என்னைப் பார்த்ததைவிடக் கூட்டத்தில் தங்கை எங்கே என்று பார்த்ததுதான் அதிகம். கொழுந்தியாள் வளர்ந்து மருந்துக் கடையில் பில் போடுகிற வேலைக்குப் போனாள். புருஷன் லாரி ஓட்டுகிறவர், பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். கரு நிற்காமல் நிற்காமல், எல்லோரும் கைவிட்ட பிறகு அவளுக்கு ஒரு பெண் பிறந்தது. உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி இருந்ததால் பட்டாணி என்று பெயர் வைத்தேன். அதுவே நிலைத்துவிட்டது.

பட்டாணிக்கு உட்காருவது தாமதம், நடப்பது தாமதம். ஐந்து வயது முடிந்தும் நாலைந்து சொல்தான். கொழுந்தியாள் அவளைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

"நீயே பாருக்கா. வேற யார்கிட்டயும் நான் போக மாட்டேன். நீ சொன்னா நம்புவேன்."

டாக்டர்கள் சொந்தப் பிள்ளைக்குக் கத்தி வைக்க மாட்டார்கள் என்பார்களே, அதுபோல இவர்கள் தொழிலிலும் சொந்தக்காரப் பிள்ளையைத் தானே சோதித்துச் சொல்லக் கூடாது. டீச்சர் தன்னோடு வேலை பார்க்கிற இன்னொருத்தியிடம் அனுப்பிவிடப் பார்த்தாள். கொழுந்தியாள் மசியவில்லை.

எங்கள் சாப்பாட்டு மேஜையில்தான் நடந்தது. ஒரே மாதிரி இரண்டு படங்களைச் சேர்க்கச் சொன்னாள். பட்டாணி ஒன்றை வாயில் வைத்துக்கொண்டாள். டீச்சர் சிரித்துக்கொண்டே வாங்கித் துடைத்துவிட்டு மறுபடியும் வைத்தாள். கட்டைகளை அடுக்கிக் காட்டினாள், பட்டாணி அவள் வளையலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இந்தத் தொழிலைப் படித்தவன் இல்லை. ஆனால் அவளோடு இத்தனை வருடம் குப்பை கொட்டியவன். கொஞ்ச நேரத்திலேயே எனக்கே தெரிந்துவிட்டது. டீச்சருக்கு எனக்கு முன்பே தெரிந்திருக்கும். ஆனாலும் அவள் அட்டைகளை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே இருந்தாள்.

"என்னக்கா, எழுதப் படிக்க வந்துருமில்ல?"

டீச்சர் அட்டைகளைச் சேர்த்துப் பெட்டியில் போட்டாள்.

"வரும்டி. கொஞ்சம் லேட்டா வரும். விடாம சொல்லிக்குடு."

கொழுந்தியாள் மேஜையில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறவளை அதற்கு முன் நான் அவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. அவர்கள் பஸ் ஏறிய பிறகு கேட்டேன்.

"என்ன டீச்சர் இது? ஊர்ல இருக்கற அம்மாக்களையெல்லாம் முதல் நாளே அழ வச்சு அனுப்பறியே."

"ஒரு வருஷம் அவ நிம்மதியா இருக்கட்டும்ங்க. அப்புறம் நானே சொல்லிக்கறேன்."

அந்த ஒரு வருடம் வரவே இல்லை. கொழுந்தியாள் வேலையை விட்டுவிட்டாள். சுவர் முழுக்க எழுத்துப் படங்களை ஒட்டினாள். போன் செய்தால் பட்டாணியின் பாடத்தைத் தவிர வேறு பேச்சில்லை. ஒருமுறை போனில் பட்டாணி எழுத்துகளை வரிசையாக ராகம்போட்டுச் சொன்னாள். கேட்டுக் கேட்டு வாயில் ஏறிய பாட்டு அது, ஓர் எழுத்தைக் காட்டிக் கேட்டால் அவளுக்குத் தெரியாது. டீச்சருக்கு அது தெரியும். "சமத்து" என்று மட்டும் சொல்லிவிட்டு போனை என்னிடம் நீட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். இன்னும் எப்போது சொல்லப்போகிறாய் என்று கேட்டுக் கேட்டு நானும் அலுத்துப்போனேன். கேட்டால் சண்டை, கேட்காவிட்டால் அவள் முகத்தைப் பார்க்க முடியாது.

பட்டாணிக்குப் பத்து வயதானபோது விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். கொழுந்தியாள் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். பட்டாணி அதே மேஜையில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளை சும்மா இருக்கிறதே என்று டீச்சர் ஒரு படப் புத்தகத்தை எடுத்துவந்து அவள் முன்னால் விரித்தாள். பூனை, பந்து, குடை. சும்மா பார்ப்பதற்கு.

பட்டாணி வலது கையை நீட்டினாள். உள்ளங்கை மேலே தெரிய, விரல்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு நீட்டினாள்.

தின்ன எதுவோ கேட்கிறாள் என்று நினைத்து, நான் தட்டிலிருந்த பிஸ்கட்டை அந்தக் கையில் வைத்தேன். அவள் அதைப் பிடிக்கவில்லை. பிஸ்கட் கீழே விழுந்தது. கை நீட்டியபடியே இருந்தது, கண்களை இறுக்கி மூடிக்கொண்டாள். நான் மடையன், ஏதோ விளையாட்டு என்று சிரித்துவிட்டேன். டீச்சரைப் பார்த்த பிறகுதான் என் சிரிப்பு நின்றது. அவள் அந்தக் கையைத் தன் இரண்டு கைகளாலும் பொத்தி மார்போடு சேர்த்துக்கொண்டாள். பிறகு எழுந்து சமையலறைக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன்.

"அவள அடிக்கறியா?"

கொழுந்தியாள் திரும்பவில்லை. "அடிக்காம? ஸ்கேலால ரெண்டு வச்சாதான் உட்கார்றா. நேத்து சொன்னது இன்னைக்குத் தெரியாதுங்கறா. வேணும்னே பண்றாக்கா."

"வேணும்னு பண்ணலடி. அவளுக்கு வராது."

"எது வராது?"

"எழுத்து. எப்பவும் வராது. சொல்லிக்குடுத்தது மனசுல நிக்காது. அன்னைக்கு மேஜையில வச்சுப் பாத்தப்பவே எனக்குத் தெரியும்."

கொழுந்தியாள் குழாயை மூடினாள். கையைத் துணியில் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"உன்கிட்ட வர்ற எல்லா அம்மாவுக்கும் முதல் நாளே சொல்லிடுவியாமே. மாமா பெருமையாச் சொல்லுவாரு."

"ஆமா."

"அவங்கெல்லாம் உனக்கு யாருக்கா? நான் யாரு?"

"நீ என் தங்கச்சிடி."

"தங்கச்சின்னுதானே நம்புனேன். வரும்னு சொன்ன, விடாம சொல்லிக்குடுன்ன. விட்டேனா? காய்ச்சல் அடிச்சப்பகூட விடல. வரும்ங்கற பிள்ளைக்கு வரலன்னா நான் என்ன நெனைப்பேன்? கல்லு மாதிரி உட்கார்ந்திருக்காளே, என்னைப் பழிவாங்கத்தான் பண்றான்னு நெனைச்சு..." அப்படியே சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தாள். டீச்சர் பக்கத்தில் உட்காரப் போனாள். "தொடாதே" என்றாள் கொழுந்தியாள். சத்தம் போடாமல்தான் சொன்னாள்.

என் மனைவி பொய் சொன்னது அன்பினால்தான், எனக்குத் தெரியும். அந்த அன்பு பட்டாணியின் உள்ளங்கையில் போய் இறங்கியிருக்கிறது, அதுவும் தெரியும். அன்று நான் கொல்லைப்புறம் போய் நின்றுகொண்டு அழுதேன்.

கொழுந்தியாள் அதன்பிறகு ஸ்கேலைத் தொடவில்லை. சுவரில் இருந்த எழுத்துப் படங்களையெல்லாம் கிழித்துப் போட்டாள். அக்காவை வரவேண்டாம் என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. டீச்சர் வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போகிறாள், முடிந்தபோது நானும் போகிறேன். பட்டாணிக்குப் பொத்தான் போடச் சொல்லிக் கொடுக்கிறாள். தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரைத் தொட்டுக் காட்டச் சொல்லிக் கொடுக்கிறாள். அது கொஞ்சம் வருகிறது. ஆனால் செய்தித்தாளை விரித்தாலும், மருந்துச் சீட்டைப் பிரித்தாலும், பட்டாணி வந்து நின்று கையை நீட்டிவிடுகிறாள். அவளுடைய அப்பா இப்போதெல்லாம் தாளை டீக்கடையிலேயே படித்துவிட்டு வருகிறார்.

இதை மாற்றுவதற்கும் அவர்கள் தொழிலில் வழி இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை டீச்சர் ஒரு சின்ன வாளியில் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர் வைத்து, பட்டாணியின் இரண்டு கைகளையும் அதற்குள் விட்டு விளையாட வைத்தாள். அவள் சிரிக்க ஆரம்பித்த பிறகு, தள்ளி, ரொம்ப மெதுவாக, எழுத்தே இல்லாத ஒரு வெற்றுப் புத்தகத்தைத் திறந்தாள். பட்டாணியின் சிரிப்பு நின்றது. வலது கையைத் தண்ணீரிலிருந்து எடுத்தாள். நுரை சொட்டச் சொட்ட நீட்டினாள். கண்களை மூடிக்கொண்டாள்.

கொழுந்தியாள் கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவளுக்கு ஒண்ணும் மனசுல நிக்காதுன்னியேக்கா" என்றாள். "நான் சொல்லிக்குடுத்தது நிக்குதே."

டீச்சர் அந்தக் கையைப் பிடித்து இறக்கப் பார்த்தாள், இறங்கவில்லை. கொழுந்தியாள்தான் வந்து புத்தகத்தை மூடி, எடுத்துப் பீரோவுக்கு மேலே வைத்தாள். அதற்குப் பிறகுதான் பட்டாணி கையை இறக்கினாள்.