மஞ்சள் பூசிய கதிர்

மர்யத்துக்கு எதையும் பாதியில் விட்டுப் பழக்கமில்லை. அதிராம்பட்டினத்திலிருந்து தினமும் பஸ் பிடித்துத் தஞ்சாவூருக்கு, எங்கள் ஆய்வகத்துக்கு வருபவள். பயிரில் இருக்கும் பூஞ்சணத்தைப் பிரித்தெடுத்துக் கண்ணாடித் தட்டில் வளர்ப்பது அவள் வேலை. உருளைக்கிழங்கு அவித்த தண்ணீரில் சர்க்கரையும் அகாரும் சேர்த்துக் காய்ச்சிய கூழ்தான் அதற்குச் சாப்பாடு. நோன்பு திறக்க அவள் வீட்டில் காய்ச்சும் கடல்பாசியும் இந்த அகாரும் ஒன்றுதான் என்பதில் அவளுக்கு இன்றும் சிரிப்பு.

போன தை மாதம், வேளாண் அலுவலர் சொன்னாரே என்று பூவம்மாள் வேண்டாவெறுப்பாக ஒரு கதிரைக் கொண்டுவந்தார். ஒரத்தநாட்டுப் பக்கம் குத்தகைச் சாகுபடி. கதிரில் நெல்மணிக்குப் பதில் அங்கங்கே மஞ்சள் உருண்டைகள். இதற்கு லட்சுமி நோய் என்று பேர். வந்தால் விளைச்சல் அமோகம் என்று நம்புபவர்கள் உண்டு. பூவம்மாள் அந்த வயல் நெல்லையே விதைக்கு மூட்டை கட்டியிருந்தார். விதைக்கு வேண்டாம், அது பூஞ்சணம் என்றாள் மர்யம்.

"உங்க தட்டுல மொளைக்கட்டும்மா, அப்ப நம்புறேன்."

பத்து நாளாகியும் தட்டில் ஒன்றுமில்லை. இது மெதுவாக வளரும் ஜாதி என்பது தெரிந்ததுதான். ஆனால் வேண்டாத பூஞ்சணம்கூட எட்டிப் பார்க்காதது அவளை உறுத்தியது. மிச்சக் கதிர் இருந்த கவரைப் பிரித்து முகர்ந்தாள். மஞ்சள்தூள் வாசனை. மஞ்சள் பட்ட இடத்தில் பூஞ்சணம் எளிதில் எழும்பாது. போன் செய்து கேட்டால், மூன்று நாள் சாமி படத்துக்கு முன் மஞ்சள் குங்குமம் பூசி வைத்துத்தான் கொண்டுவந்தாராம். லட்சுமியை வெறுமனே எப்படி வீட்டிலிருந்து அனுப்புவது?

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மர்யம் மறுநாளே ஒரத்தநாடு போய், மஞ்சள் படாத விதை மூட்டைக்குள் கையை விட்டு மூன்று உருண்டைகளை எடுத்து வந்தாள்.

இரண்டு வாரத்தில் வெள்ளையாகப் படர்ந்தது, பிறகு நடுவில் மஞ்சள் ஏறியது. பூவம்மாள் வந்து தட்டை வெகுநேரம் பார்த்தார். ஒரு வருஷத்து விதைநெல். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"மூட்டையை சோத்துக்கு அவிச்சிடுறேம்மா. இவ இங்கயே இருக்கட்டும். வெள்ளிக்கெழமை மட்டும் ஒரு பூ வச்சிடுங்க."

மர்யம் பூ வைக்கவில்லை. பூவில் என்னென்ன பூஞ்சணம் இருக்குமோ. தட்டின் மூடியில் தேதிக்குக் கீழே, மாதிரி எண் எழுத வேண்டிய இடத்தில், 'பூவம்மாள்' என்று எழுதி வைத்தாள்.