கியோமிக்கு ஒரு சத்தமில்லாத ஸ்டிக்

பதினேழாவது பட்டனையும் கியோமி ஒதுக்கி வைத்துவிட்டார். காதருகே பிடித்து, கட்டைவிரலால் ஒருமுறை மெதுவாகவும் ஒருமுறை வெடுக்கென்றும் அழுத்திப் பார்த்தபின், "இது தொண்டையைக் கனைச்சிட்டுத்தான் பேசவே ஆரம்பிக்குது" என்றார். அடுத்ததை எடுத்தார். "இவன் பேச்சு முடிஞ்சாலும் போனை வைக்க மாட்டான்." அதற்கடுத்ததைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மடியில் போட்டுக்கொண்டார்.

எதிரே ஒரிதோ ஒரு தாளில் கணக்கு வைத்துக்கொண்டிருந்தார். எட்டு பட்டன் வேண்டும். இதுவரை தேறியது இரண்டு. ஒசாகாவின் நிப்பொம்பாஷியில், லிப்ட் இல்லாத ஒரு கட்டடத்தின் நான்காவது மாடியில் அவர் பதினாலு வருடமாகத் தனியாக உட்கார்ந்து ஸ்டிக் செய்து தருகிறார். மடியில் வைத்துக்கொள்ளும் அகலத்தில் ஒரு மரப்பெட்டி, அதன் மேல் இடப்பக்கம் உருண்டைத் தலையுள்ள ஒரு லீவர், வலப்பக்கம் எட்டு பட்டன். வீடியோ கேமில் சண்டை ஆட்டம் ஆடுகிறவர்களுக்கு அதுதான் ஆயுதம். வருகிறவர்கள் பெட்டியின் மேல் ஒட்டும் படத்துக்கு ஒரு மணி நேரம் யோசிப்பார்கள், உள்ளே போகும் சாமான்களை ஐந்து நிமிடத்தில் அவர் பொறுப்பில் விட்டுவிடுவார்கள். பட்டனுக்காக மட்டும் மூன்று சனிக்கிழமை மாடியேறி வந்தவர் கியோமி ஒருவர்தான்.

கியோமிக்கு நாற்பத்து மூன்று வயது. ஒன்பது வயதில் பார்வை போனது. அதை முதல் நாளே, வெளியே மழை தூறுகிறது என்பது போலச் சொல்லி முடித்துவிட்டார். பக்கத்து ஊர் நகராட்சியில் தொலைபேசி இணைப்பாளர் வேலை. குப்பை எடுக்கவில்லை என்று திட்ட வருகிறவர், வரி ரசீதைத் தொலைத்தவர், பேச ஆளில்லாமல் நேரம் கேட்க அழைக்கும் கிழவர், எல்லோரும் முதலில் இவர் காதில்தான் வந்து விழுவார்கள். அவர்கள் ‘ஹலோ’ சொல்வதற்கு முன்னால் இழுக்கும் மூச்சிலேயே எந்தப் பிரிவுக்கு மாற்றுவது என்று தனக்குப் பாதி தெரிந்துவிடும் என்பார். அவரிடம் இரண்டு குரல் உண்டு. ஒன்று அலுவலகக் குரல். இஸ்திரி போட்ட கைக்குட்டை மாதிரி மடிப்புக் கலையாமல் வரும். இன்னொன்று சொந்தக் குரல். அது மீன் சந்தையில் வளர்ந்தது. உண்மையிலேயே அங்கேதான் வளர்ந்தது.

அவர் சண்டை ஆட்டம் ஆடுவது காதால். ஒவ்வொரு வீரனுக்கும் காலடி ஓசை வேறு, குதித்தால் துணி படபடக்கும் ஓசை வேறு. இடது காதில் கேட்டால் இடப்பக்கம் நிற்கிறான், தேய்ந்து கேட்டால் தள்ளிப் போகிறான். தனக்கென்று கியோமி எடுத்துக்கொண்டது ஒரு தடியன் மல்லனை. நிதானமாக நடப்பான், கைக்கு எட்டும் தூரத்தில் ஆள் வந்தால் அள்ளித் தரையில் அடிப்பான். "எதிராளி எப்படி இருக்கான்னு எனக்கு எதுக்கு? எங்க நிக்கிறான்னு தெரிஞ்சாப் போதும், தூக்கிடலாம்" என்பது அவர் கட்சி. இதைக் கேட்ட அன்று ஒரிதோ கண்ணை மூடிக்கொண்டு ஒரு ஆட்டத்தைக் கேட்டுப் பார்த்தார். அவருக்குக் கேட்டது தகர டப்பாவை மாடியிலிருந்து உருட்டிவிட்ட சத்தம்தான்.

அதன்பிறகு கியோமி என்ன கேட்டாலும் அவருக்கு ஆர்வமாக இருந்தது. லீவரின் அடியில் இருக்கும் துளை சதுரமாக இருக்க வேண்டும், எண்கோணம் கூடாது என்றார்; சதுரத்தில்தான் மூலை கைக்குத் தெளிவாகத் தட்டுப்படுமாம். கன்சோலுக்கும் கம்ப்யூட்டருக்கும் மாற்றிக்கொள்ளும் வசதி எல்லாப் பெட்டியிலும் உண்டு. ஆனால் எதில் இருக்கிறது என்பதை ஒரு விளக்கின் நிறம்தான் சொல்லும். ஒரிதோ அந்த விளக்கைப் பிடுங்கிவிட்டு, பக்கவாட்டில் ஒரு தள்ளுவிசை வைத்தார். தடவும்போது ஒரு மேட்டுப்புள்ளி தட்டுப்பட்டால் கன்சோல், இரண்டு என்றால் கம்ப்யூட்டர். கியோமி அதை முன்னும் பின்னும் பத்து தடவை தள்ளினார். அலுவலகக் குரலில், "தங்கள் சேவைக்கு மிக்க நன்றி" என்றார். அவர் பாராட்டும்போது அந்தக் குரல் வந்தால் நிஜமாகவே பிடித்திருக்கிறது என்று அர்த்தம்.

படம் வேண்டாம் என்பார் என்று ஒரிதோ நினைத்திருந்தார். வேண்டும் என்றார், அதுவும் பெரிதாக. பக்கத்தில் உட்கார்ந்து ஆடுகிறவன் ஓரக்கண்ணால் தன் கையைப் பார்ப்பான் என்று அவருக்குத் தெரியும். அந்தக் கண் கைக்குப் போகாமல் நடுவழியில் மாட்டிக்கொள்ள வேண்டும். கடைசியில் தன் வீட்டருகே உள்ள சூப்பர் மார்க்கெட்டின் தள்ளுபடி நோட்டீஸைக் கொண்டுவந்து கொடுத்தார். முட்டை, முள்ளங்கி, இன்று மட்டும் பாதி விலையில் கானாங்கெளுத்தி, எல்லாம் சிவப்பும் மஞ்சளுமாக. ஒரிதோ இத்தனை வருடத்தில் ஒட்டிய படங்களில் திரும்பித் திரும்பிப் படிக்கவைத்தது அது ஒன்றுதான்.

பட்டன்கள் ஏன் இவ்வளவு அமைதியாக இருக்க வேண்டும் என்றும் ஒரிதோ கேட்டார். அக்கம்பக்கத்துச் சண்டையாக இருக்கும் என்று அவர் ஊகம். கியோமி தலையாட்டி மறுத்தார். பழைய ஸ்டிக்கில் தான் தட்டும் தட்டலே பெரிய கடகடப்பாக இருப்பதால், எதிராளியின் காலடி அதில் மூழ்கிப் போகிறது என்றார். "நான் பேசறதே என் காதை அடைக்குது, அண்ணே."

ஒரிதோ ஒவ்வொரு பட்டனுக்கு அடியிலும் மெல்லிய பஞ்சு வைத்தார், பெட்டியின் உட்சுவர் முழுவதும் கம்பளித் துணி ஒட்டினார். முடித்துக் கொடுத்த அன்று கியோமி அதை மடியில் வைத்து நான்கு பக்கமும் தடவினார். ஒரு மூலையில் விரல் நின்றது. இங்கே மட்டும் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டீர்கள் போல என்றார். ஒரிதோவுக்கு முகம் சிவந்தது. அந்த மூலையைத்தான் கடைசியாக, சாப்பாட்டு நேரத்தில் தேய்த்திருந்தார்.

அதே கட்டடத்தின் இரண்டாவது மாடியில் சனிக்கிழமை மதியங்களில் ஆட்டக்காரர்கள் கூடுவார்கள். இரண்டு திரை, இரண்டு நாற்காலி. ஜெயித்தவர் வலப்பக்க நாற்காலியில் தொடர்ந்து உட்காரலாம், தோற்றவர் எழுந்து வரிசையில் கடைசிக்குப் போக வேண்டும். கியோமி அங்கே பதினொரு வருடமாகப் போகிறவர். வலப்பக்க நாற்காலியில் அதிகம் உட்கார்ந்தவர் அல்ல.

புது ஸ்டிக் வந்த அன்று உட்கார்ந்தார், எழுந்திருக்கவே இல்லை. ஒவ்வொருவரையும் தூக்கி அடிப்பதற்கு முன்னால் அலுவலகக் குரலில், "காத்திருந்ததுக்கு ரொம்ப நன்றிங்க. உங்க இணைப்பை இப்பத் தரைக்கு மாத்திவிடறேங்க" என்பார். சொல்லி முடிக்கும்போது மல்லன் ஆளைத் தரைக்கு மாற்றியிருப்பான். சுற்றி நின்றவர்கள் சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்ந்தார்கள். அடுத்த வாரமும் அப்படியே. அங்கே நன்றாக ஆடுகிறவன் என்று பெயர் வாங்கியவன் ஹமானோ. இருபத்தாறு வயது, பார்சல் வண்டி ஓட்டுகிறவன், வாய் ஓயாதவன். அவனும் மூன்று வாரம் தொடர்ந்து தோற்றான்.

நான்காவது வாரம் செவ்வாய்க்கிழமை ஹமானோ தன் ஸ்டிக்கைத் தூக்கிக்கொண்டு ஒரிதோவிடம் வந்தான். பார்சல் கொடுக்க வந்ததுபோலவே மூச்சு வாங்க நின்றான்.

"அந்த அக்காவுக்குப் போட்டதையே எனக்கும் போட்டுக் குடுங்க. என் விரல் போறது அவங்களுக்குக் கேக்குது. நான் பட்டனை அழுத்துறேன், திரையில அது வர்றதுக்குள்ள அவங்க என்னைப் பிடிச்சுட்டாங்க. அவங்க பெட்டி ஊமையாயிடுச்சு, என்னுது கத்துது."

புகாராக அவன் சொல்லவில்லை. மூன்று வாரம் தூக்கம் கெட்டுக் கண்டுபிடித்த விஷயத்தைச் சொல்கிற பெருமை அவன் முகத்தில் இருந்தது. ஒரிதோ ஸ்டிக்கை வாங்கி வைத்துக்கொண்டார், ஆனால் திருகாணியைக் கழற்றக் கை வரவில்லை. தன் விரல் சத்தம் தன் காதை மறைக்கிறது என்று மட்டும்தானே கியோமி சொன்னார்? மற்றவர் விரல் கேட்கும் என்று தெரிந்தேதான் கேட்டாரா? தெரிந்திருந்தால்தான் என்ன, காது அவருடையதுதானே? கேட்டவர்க்கெல்லாம் செய்து கொடுப்பதுதான் தன் தொழில் என்பதும் அவருக்குத் தெரியும். ஆனாலும் ஒருவர் கையில் கொடுத்ததை இன்னொருவர் வழியாகப் பிடுங்குவது போல இருந்தது. இரண்டு நாள் அந்தப் பெட்டி மேசையிலேயே கிடந்தது. மூன்றாம் நாள் நகராட்சி எண்ணைச் சுற்றினார்.

மடிப்புக் கலையாத குரல் எடுத்தது. எந்தப் பிரிவு வேண்டும் என்று கேட்டது.

"நான்தான், ஸ்டிக் ஒரிதோ."

அப்படியொரு பிரிவு இந்த அலுவலகத்தில் இல்லை என்றும், மதிய உணவு நேரம் பன்னிரண்டு மணி என்றும் அந்தக் குரல் பணிவோடு தெரிவித்து இணைப்பைத் துண்டித்தது. பன்னிரண்டு அடித்து இரண்டு நிமிடத்தில் சந்தைக் குரலில் கியோமி திரும்ப அழைத்தார். ஒரிதோ தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார்.

அடுத்தவர் விரல் கேட்கும் என்பது முதல் சனிக்கிழமை உட்கார்ந்த பிறகுதான் தனக்கே தெரியும் என்றார் கியோமி. பக்கத்து வீட்டுக் கதவு திடீரென்று திறந்துகொண்டது போல இருந்ததாம்; காதைப் பொத்திக்கொண்டா ஆட முடியும்? பிறகு, அவர் குரல் மாறியது. அது அலுவலகக் குரலும் இல்லை, சந்தைக் குரலும் இல்லை.

"பதினொரு வருஷமா அங்க போறேன். மூணு ஆட்டத்துல ஒண்ணு எனக்கு விட்டுக்குடுப்பாங்க. பாவமாம். சும்மா நிப்பான், அடிக்க மாட்டான், அப்பறம் ‘நல்லா ஆடினீங்க’ம்பான். எனக்குத் தெரியாதா அது? இப்ப ஒருத்தன் என் காதுக்குப் பயந்து காசு செலவழிக்கிறான். நல்லதாப் போட்டுக் குடுங்கண்ணே. எனக்குப் போட்டதுல ஒரு துளி குறைஞ்சாலும் நான் கண்டுபிடிச்சுருவேன்."

ஒரிதோ அன்று சாயங்காலமே ஹமானோவின் எட்டு பட்டனையும் மாற்றினார். ஒவ்வொன்றையும் காதருகே வைத்து அழுத்திப் பார்த்துத்தான் பொருத்தினார்.

அந்தச் சனிக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு அவரும் இரண்டாவது மாடிக்கு இறங்கினார். யார் முதலில் ஏழு ஆட்டம் ஜெயிப்பது என்று பேச்சு. ஹமானோ உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தான். அவன் விரல்கள் பறந்தன. பஞ்சுமூட்டையில் மழை பெய்வது போல ஒன்றுமே கேட்கவில்லை. கியோமியின் மல்லன் கையை நீட்டும்போதெல்லாம் அங்கே ஆள் இல்லை. நான்கு ஆட்டம் வரிசையாகப் போயிற்று. அறையில் சிரிப்பு நின்றுவிட்டது. யாரோ ஒருவர், இவனுக்கு எதற்கு இவ்வளவு வெறி என்று முணுமுணுத்தார். ஒரிதோவுக்குத் தன் கையைத் தானே பார்க்கப் பிடிக்கவில்லை.

ஐந்தாவது ஆட்டம் தொடங்கியதும் கியோமி அலுவலகக் குரலை எடுத்தார்.

"வணக்கங்க. எந்தப் பகுதியிலேர்ந்து பேசறீங்க?"

ஹமானோ திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இன்றைக்கு எத்தனை பார்சல் கொடுத்தாயிற்று என்று அந்தக் குரல் விசாரித்தது. லிப்ட் இல்லாத கட்டடங்களைப் பற்றி நகராட்சியிடம் ஏதும் குறை உண்டா என்று கேட்டது. அவனால் அதைத் தாங்க முடியவில்லை. இந்தக் கட்டடமே ஒரு குறைதான், நான்காவது மாடிக்கு அரிசி மூட்டையைச் சுமந்தவனுக்குத்தான் தெரியும் என்று ஆரம்பித்தான். பாதி வாக்கியத்தில் மூச்சை இழுத்துப் பேச்சை நிறுத்தினான். அந்த நொடியில் மல்லன் அவனைக் காற்றிலேயே பிடித்துத் தரைக்கு மாற்றினான்.

ஒரிதோ அப்போதுதான் கவனித்தார். பெரிய அடியாக அடிக்கப் போகும்போது ஹமானோவின் வாய் தானாக நிற்கிறது. கத்தப் போகிறவர்களின் மூச்சை இருபது வருடமாகக் கேட்டுக்கொண்டிருப்பவருக்கு அது போதும். நான்குக்கு ஒன்று, நான்குக்கு இரண்டு, பிறகு ஐந்துக்கு ஐந்து. ஹமானோ சிரித்துக்கொண்டே வாயைக் கட்ட முயன்றான், முடியவில்லை. ஆறுக்கு ஆறு என்று வந்தபோதுதான், தன் பேச்சு நிற்கும் இடத்தை அவர் பிடிக்கிறார் என்று அவனுக்குப் புரிந்தது. புரிந்ததும் இரண்டு உதடுகளையும் பல்லுக்குள் மடித்துக் கடித்துக்கொண்டான். மூக்கால்கூட மூச்சு விடவில்லை. கடைசி ஆட்டம் அறையில் யாரும் பேசாமல் நடந்தது. மல்லனிடம் ஒரு நூலளவு உயிர் மீதி இருக்கும்போது ஹமானோ குதித்து அடித்து முடித்தான்.

கியோமி எழுந்தார். அவருடைய நாற்காலி ஹமானோவுக்குப் போயிற்று. இந்த ஆட்டத்தை அவன் விட்டுக்கொடுக்கவில்லை, ஒரு நொடிகூட விட்டுக்கொடுக்கவில்லை என்று அங்கே எல்லோருக்கும் தெரிந்தது. அதனாலோ என்னவோ யாரும் ‘நல்லா ஆடினீங்க’ என்று சொல்லவில்லை. வரிசையில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டு, அடுத்த ஆட்டமும் அவரே ஆடட்டும் என்று வழிவிட்டார்கள். இந்தத் தடவை அது இரக்கமாக இல்லை. இன்னொரு தடவை பார்க்கும் ஆசை.

இடப்பக்க நாற்காலியில் கியோமி உட்கார்ந்து கைப்பையைத் திறந்தார். ஒசாகாக்காரிகளின் கைப்பையில் அடுத்தவருக்குக் கொடுக்க எப்போதும் மிட்டாய் இருக்கும் என்று ஹமானோவுக்குத் தெரியும். வழக்கப்படி கையை நீட்டினான். கெட்டியான ஆரஞ்சு மிட்டாய் ஒன்று அவன் உள்ளங்கையில் விழுந்தது.

"போட்டுக்கங்க, தம்பி. தொண்டை காஞ்சிருக்கும்."

அவன் தலை குனிந்து நன்றி சொல்லி மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டான். அது கடைவாய்ப் பல்லில் ‘டக்’கென்று பட்டது. கியோமி அந்தப் பக்கமாகத் தலையை ஒரு விரற்கடை சாய்த்து, லீவரில் கையை வைத்தார்.