வட்டத்தில் சுற்றி வந்த கை

பெங்களூரில், பீன்யா தொழிற்பேட்டையில் என் வீட்டுக்காரருக்கு பிரஸ் மெஷினில் வேலை. ஒருநாள் அந்த மெஷின் அவருடைய இடது கையில் மூன்று விரல்களை எடுத்துக்கொண்டது. அன்றிலிருந்து அந்தக் கை பேண்ட் பாக்கெட்டுக்குள் போய்விட்டது. பஸ்ஸிலும் அங்கேதான், கோயில் பூசையிலும் அங்கேதான். மூன்று வருஷம் பொறுத்துப் பார்த்தேன். எனக்கோ பொறுமை கம்மி. கையை ஒளிக்கிறார், மனுஷரே மாறிவிட்டார் என்று நாங்கள் குடியிருக்கும் விவேக் நகர் முழுக்கக் குறை சொல்லித் திரிந்தேன்.

நான் தையல் சொல்லிக்கொடுத்த கான்வென்ட் ஸ்கூல் ஹாலில், சனிக்கிழமை சாயங்காலம் ஒரு சிஸ்டர் வட்ட நடனம் நடத்துவார். எல்லா மதத்துக்காரர்களும் கைகோர்த்து, ஒவ்வொரு மதத்துச் சாமி பெயரையும் பாடிக்கொண்டே சுற்றவேண்டும். அதுவே ஜெபம், வேடிக்கை பார்க்க யாருக்கும் இடமில்லை என்பார். கோலை வீட்டில் மறந்துவிட்டு வந்த கோலாட்டம் என்று முதலில் கேலி பேசினேன். ஒரு தடவை உள்ளே நின்ற பிறகு வாய் அடங்கிவிட்டது. நாலு வாரம் விடாமல் போனேன்.

இவரையும் அழைத்தேன். கையைக் கொடுக்க வேண்டுமே என்று மறுத்தார். இடது பக்கம் நான் நின்றுகொள்கிறேன், யாருக்கும் தெரியாது என்று சத்தியம் செய்து கூட்டிப்போனேன்.

என் புத்தியை என்ன சொல்ல! நான் அதுவரை ஆடியதெல்லாம் ஒரே வட்டம். அன்று சிஸ்டர் ஒன்றுவிட்டு ஒருவரை உள்ளே போகச் சொல்லி, இரண்டு வட்டமாக்கிவிட்டார். எதிரில் நிற்பவரின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். பிறகு வெளிவட்டம் அடுத்த ஆளுக்கு நகரும். இவர் உள்ளே, நான் வெளியே. நான் இவரிடம் வந்து சேர்வது கடைசி முறையில்தான்.

இவருக்கு எதிரில் முதலில் நின்றவர் சைக்கிள் கடை பாய். இவர் கதவைப் பார்த்தார். பாய் இரண்டு கைகளையும் நீட்டியபடி, அல்லேலூயா பாடிக்கொண்டே காத்திருந்தார். அவசரப்படுத்தவில்லை. பாக்கெட்டிலிருந்து அந்தக் கை மெல்ல வெளியே வந்தது.

"மெஷினா?" என்று பாய் கேட்டார்.

இவர் தலையசைத்தார். மிச்சமிருந்த இரண்டு விரல்களையும் பாய் தம் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அடுத்து கன்னட டீச்சரம்மா ராம நாமம் பாடியபடி ஒற்றிக்கொண்டார். அப்புறம் ஒரு போஸ்ட்மேன், அவர் புத்தரைக் கும்பிடுகிறவர். என் உடம்பெல்லாம் சிலிர்த்தது. கடவுள் இந்த ஹாலில்தான் எங்கேயோ நிற்கிறார் என்று நிஜமாகவே நம்பினேன். இவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை எங்கள் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை.

கடைசியில் நான் இவர் முன்னால் வந்து நின்றேன். இரண்டு கைகளையும் தாமாகவே நீட்டினார். நான் வலது கையை மட்டும் பிடித்தேன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆஸ்பத்திரியில் கட்டு மாற்றியது நர்ஸ். வீட்டில் சட்டைப் பித்தானை ஒற்றைக் கையால் அவரே போட்டுக்கொண்டார். மூன்று வருஷத்தில் அந்தக் கையை நான் ஒருமுறைகூடத் தொட்டதில்லை. அது பாக்கெட்டுக்குள் போனது யாருக்காக?

"புடி," என்றார் மெதுவாக. "வலிக்காது."

பிடித்துக் கண்ணில் வைத்தேன். சூடாக இருந்தது. மறுபடி ஒரே வட்டமாக நிற்கச் சொல்லி சிஸ்டர் கைதட்டினார். நான் நகரவில்லை.