புகையை விழுங்கின கிணறு

போன வாரம் டிவியில ஒருத்தர் கோட்டும் டையுமா உட்கார்ந்து பேசினார். ஆலைங்க கக்குத கரியமில வாயுவைப் பிடிச்சு, குழாய் வழியா பூமிக்குள்ள இறக்கி, மேல மூடி போட்டுருவாங்களாம். பிறகு ஒரு தொல்லையும் கிடையாதாம். எனக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்தது. அடப் பாவிகளா, இந்தக் கூத்தை நான் சங்கரன்கோவில்ல நாற்பது வருசத்துக்கு முன்னாலயே பார்த்தாச்சு. அதுல எங்க வீட்டுக்காரர் உயிரே போகப் பார்த்தது.

எண்பதுகளோட தொடக்கம். நெசவுக்காரங்க தெருவுல எங்க வீடு கடைசி வீடு. பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு அண்ணாச்சியோட சுண்ணாம்புக் காளவாசல். ராவும் பகலும் கல்லைப் போட்டு எரிப்பார். கிளம்புத புகை வேற எங்கயும் போகாது, நேரா எங்க தெருவுலதான் இறங்கும். தெரு நீளத்துக்கும் வெள்ளைப் பாவு விரிச்சு, கஞ்சி போட்டுக் காயவச்சிருப்போம். கொஞ்ச நேரத்துல நூல் பூரா கரி. எங்க வீட்டுக்காரர் வேட்டியை மடிச்சுக் கட்டி, தெருவையே திரட்டிட்டுப் போய்ச் சண்டை போட்டார்.

அண்ணாச்சிக்கு மூளை வேலை செஞ்சது. காளவாசல் பக்கத்துலயே அவருக்கு ஒரு பாழுங்கிணறு, தண்ணி வத்திப் பல வருசம் ஆச்சு. காளவாசல் வாயை மூடி, சிமெண்டுக் குழாய் பதிச்சு, மோட்டார் வச்ச காத்தாடி ஒண்ணை மாட்டி, புகை மொத்தத்தையும் அந்தக் கிணத்துக்குள்ள தள்ளினார். மேல கல்பலகை போட்டுக் காரையும் பூசியாச்சு. "பூமாதேவி வயிறு பெருசு வே, எல்லாத்தையும் தாங்கிக்கிடுவா"ன்னு சொல்லிட்டுத் திரிஞ்சார். என்ன பவுசு, என்ன பவுசு! ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வந்த விருந்தாளிகளைக்கூடத் தெருக்காரங்க கூட்டிட்டுப் போய் அந்த மூடியைக் காட்டினாங்க. சூடம் கொளுத்திக் கும்பிடாததுதான் பாக்கி. சண்டைக்குப் போன எங்க வீட்டுக்காரரே அவருக்கு மாலை போட்டார், வெட்கங்கெட்ட மனுசன். கண்ணுல படலன்னா இல்லவே இல்லன்னு நினைச்சுக்கிடுததுல நம்ம ஆளுகளை அடிச்சுக்க முடியாது.

மறு கோடையில எங்க வீட்டுக் கிணத்தைத் தூர்வார வேண்டியதாச்சு. அதுக்கும் அந்தப் பாழுங்கிணத்துக்கும் நடுவுல ஒரே ஒரு சுவர்தான். கிணத்துல ஆள் இறங்குததுக்கு முன்னால, கயித்துல விளக்கைக் கட்டி இறக்கிப் பாக்குதது எங்க பக்கத்து வழக்கம். விளக்கு எரிஞ்சா இறங்கலாம். அணைஞ்சா, உள்ள மூச்சுவிடக் காத்து இல்லன்னு அர்த்தம். நான் அரிக்கேன் விளக்கை ஏத்திக் கொடுத்தேன். பாதிக் கிணறு போகல, அணைஞ்சிட்டு.

"எண்ணெய் இல்லட்டி"ன்னார் எங்க வீட்டுக்காரர்.

"இப்பத்தான் ஊத்தினேன்."

மறுபடி ஏத்தி இறக்கினோம். அதே இடத்துல யாரோ ஊதிவிட்ட மாதிரி அணைஞ்சிட்டு. எட்டிப் பார்த்தா புகையும் இல்ல, நாத்தமும் இல்ல. தூர்வார வந்த தெருக்காரங்க ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்தாங்க. சுவருக்கு மேல தலையை நீட்டி வேடிக்கை பாத்துட்டிருந்த அண்ணாச்சி, "திரி சரியில்ல வே. நீரு இறங்கும், ஒண்ணும் செய்யாது"ன்னார்.

"ஒண்ணும் செய்யாதுன்னா நீங்க முதல்ல இறங்குங்க அண்ணாச்சி. உங்க புகைதானே, உங்களை அடையாளம் தெரியாமலா போயிரும்?"ன்னு கேட்டேன்.

"எனக்குப் பிரஷர் இருக்கு தாயி"ன்னார். அதுவரைக்கும் அந்த மனுசனுக்குத் தலைவலி வந்ததாக்கூட நான் கேள்விப்பட்டதில்ல.

இவரோ என்னைத்தான் அதட்டினார். நாலு பேர் முன்னால பொண்டாட்டி வாயைத் திறந்துட்டாளாம், கௌரவம் என்ன ஆகுதது? நெத்தியில கோவில் புற்றுமண்ணைப் பூசிட்டு, சட்டையைக் கழத்தி எறிஞ்சிட்டு இறங்கினார். இடுப்புல கயிறு கட்டாம விடமாட்டேன்னு நான் காலைப் பிடிச்சுக் கத்தினதால அதை மட்டும் கட்டிக்கிட்டார். விளக்கு அணைஞ்ச இடத்தைத் தாண்டி ரெண்டு படி வச்சிருப்பார். கை நழுவிச்சு, தலை தொங்கிட்டு. ஒரு சத்தம்கூடப் போடல. நான் போட்ட சத்தத்துல எல்லாரும் சேர்ந்து கயித்தை இழுத்தாங்க.

மேல கொண்டாந்து கிடத்தினப்ப உதடு நீலமா இருந்தது. நான் அவர் நெஞ்சுல அடிச்சேன், கன்னத்துல அறைஞ்சேன், எங்க ஊர்க் கோவில் கோமதி அம்மாளை வாய்க்கு வந்தபடி வஞ்சேன். ஒருவழியா இருமினார். கண்ணைத் திறந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "எண்ணெய் இருந்துச்சா?"

"இருந்துச்சு பாவி மனுசா, இருந்துச்சு"ன்னு அழுதேன்.

அண்ணாச்சி வாசல்வரைக்கும் வந்தார். "நான் என் கிணத்துக்குள்ளதானே விட்டேன். அது பாறை இடுக்கு வழியா உங்க கிணத்துக்கு வந்ததுக்கு நான் என்ன செய்ய?"ன்னார். புகைக்கு நிலப் பத்திரத்தைப் படிச்சுக் காட்டியிருந்தாராக்கும். தெருக்காரங்க கடப்பாரையோட போய்க் குழாயையும் மூடியையும் பேத்து எறிஞ்சாங்க. புகை பழையபடி எங்க பாவுல வந்து படிஞ்சது. இவர் அதுக்குப் பிறகு சண்டைக்குப் போகல. கரியைத் தட்டிவிட்டுட்டு நெய்வார்.

டிவிக்காரர் பேசி முடிச்சப்ப இவரும் என் பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தார். பிறகு மெதுவா என் பக்கம் திரும்பி, "ஏட்டி, விளக்கு இறக்கிப் பாப்பாங்கல்லா?"ன்னு கேட்டார்.

"பாப்பாங்க. அணைஞ்சா, எண்ணெய் இல்லன்னு சொல்லுவாங்க"ன்னேன்.