நான் எறிந்த தாள்கள்

பிளாக்டவுனில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். அங்கிருந்த ஜப்பானிய முதியவர் ஒருகாலத்தில் அனிமேஷன் படங்களை இயக்கியவர். அன்று அவர் உறங்கிக்கொண்டிருக்க, மேசையில் இரண்டு கட்டுத் தாள்கள் கிடந்தன. எல்லாவற்றிலும் ஒரே பெண்ணின் படம்.

இரட்டை ஷிஃப்ட் அலுப்பு எனக்கு. "எல்லாம் ஒண்டுதானே," என்று முணுமுணுத்தபடி ஒரு கட்டைக் குப்பையில் போட்டேன். குப்பை வண்டி போன பிறகுதான் அவர் விழித்தார்.

அவர் கோபப்படவில்லை. மிஞ்சிய கட்டை எடுத்து, விரலால் சரசரவென்று புரட்டிக் காட்டினார்; படம் அசைந்தது. என் சீருடையில் ஒருத்தி தளர்ந்து நடந்து வந்தாள், கதிரையைப் பிடித்தாள், முழங்காலை மடக்கினாள். அத்தோடு தாள்கள் தீர்ந்துவிட்டன.

"மற்றக் கட்டில் என்ன செய்கிறேன்?"

"உட்காருகிறீர்கள்."

அந்த அறையில் நான் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. அவர் உட்கார வைத்திருந்தார். அதையும் நானே துப்புரவாக்கிவிட்டேன்.