மூன்றாம் சரணத்துக்கு முன்

வியாழக்கிழமை காலை, மணி பத்து பத்து. உதியன்குளங்கரையில் ஸ்டெல்லா அக்கா வீட்டுக்குள் நுழைந்ததும் நான் பார்த்தது ஒரு சிவப்பு விளக்கு. மேசைமேல் இருந்த கறுப்புப் பெட்டியில் அது விட்டுவிட்டு மின்னியது. ஸ்பீக்கர் இல்லை. சத்தமே இல்லை.

"கேறி வாங்க... மெதுவா. மூணாம் சரணம் வரப்போவுது."

விளக்கு ஒரு தட்டு பிந்தி மின்னியது. அக்கா தலையசைத்தார்.

அது சீக்வென்சர். வாசித்த தாளத்தை நினைவில் வைத்து, அப்படியே திருப்பி வாசிக்கும். அக்காவின் கணவர் தங்கராஜ் அண்ணன் ஊர்க் கிறிஸ்தவச் சபையில் ஒரு கீர்த்தனைக்கு வாசித்தது அதில் இருக்கிறது. மூன்றாம் சரணத்துக்கு முன் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிடுவார். அதில் ஒரு தட்டு பிந்தும். பெட்டி அதையும் பிடித்து வைத்திருந்தது.

அண்ணன் இறந்து ஒரு வருடம். அதற்குப் பிறகு சபையில் அந்தக் கீர்த்தனையை யாரும் எடுக்கவில்லை. பெட்டிக்குள் இருக்கும் பேட்டரியும் செத்துவிட்டது. கரண்டு நின்றால் எல்லாம் அழிந்துவிடும். அதனால் அக்கா அதை அணைத்ததே இல்லை. இன்வெர்ட்டர் வாங்கியதே அதற்காகத்தான்.

பாடகர் குழுவை நடத்தும் என் நண்பன் வினோத், அந்தத் தாளத்தை லேப்டாப்பில் ஏற்ற வந்திருந்தான். ஏற்றினான். லேப்டாப்பில் சார்ஜ் இறங்கியிருந்தது. அறையில் ஒரே ஒரு பிளக் பாயின்ட். எதையும் யோசிக்காமல் பெட்டியின் வயரை உருவிவிட்டு, சார்ஜரைச் செருகினான். பிறகு பிளே பட்டனைத் தட்டினான்.

அக்கா கேட்டார். முகம் மாறியது.

"எலே, இது யாரு?"

"அண்ணன் வாசிச்சதாக்கும் அக்கா. கம்ப்யூட்டர் கொஞ்சம் நேராக்கியிருக்கு."

"அவருக்கு என்னலே வளைவு உண்டு, நேராக்குறதுக்கு?"

லேப்டாப்பில், தாளத்தை உள்ளே எடுக்கும்போதே சீராக்கிவிடும் ஒரு செட்டிங் உண்டு. வினோத் அதை அணைக்க மறந்திருந்தான். இன்னொரு முறை ஏற்றலாம் என்று திரும்பியவன், அப்போதுதான் மேசையோரம் தொங்கிய வயரைப் பார்த்தான். சார்ஜரை எடுத்துவிட்டு அதை மறுபடி செருகினான். விளக்கு எரிந்தது. ஒரே சீராக மின்னியது. உள்ளே எதுவும் இல்லை.

"போச்சா மக்கா?" அவ்வளவுதான் கேட்டார் அக்கா.

பெட்டிக்கு ஒரே வேலை. லேப்டாப்புக்கோ ஆயிரம் வேலை. அதற்கிடையில் தாளத்தையும் கவனிக்கிறது. இதில் எது துல்லியம் என்று இசைக்காரர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். எதற்குத் துல்லியம் என்று யாராவது கேட்டார்களா?

ஞாயிற்றுக்கிழமை சபையில் அக்காவே அந்தக் கீர்த்தனையைப் பாடச் சொன்னார். லேப்டாப் தாளம் போட்டது. இரண்டு சரணம் ஒழுங்காகப் போனது. மூன்றாவது சரணத்துக்கு முன்... சபை நின்றது. மொத்தமாக. யாரும் கை காட்டவில்லை. லேப்டாப் நிற்கவில்லை. ஒரு தட்டு கழித்து எல்லோரும் சேர்ந்து எடுத்தார்கள். கடைசிவரை லேப்டாப்புக்கும் சபைக்கும் இடையே அந்த ஒரு தட்டு குறையவே இல்லை. தாளம் ஓய்ந்த பிறகு, வெறும் குரலில் பாட்டு முடிந்தது.

என் பக்கத்தில் இருந்தவர் கண்ணை மூடிப் பாடினார்; அவரும் அந்த இடத்தில் நிறுத்தினார். பூவாரில் டூரிஸ்ட் போட் ஓட்டுகிறவர், ஒரு ஞானஸ்நானத்துக்கு வந்திருந்தார்.

"மூணாம் சரணத்துக்கு முன்னே ஏன் நிறுத்துனீங்க?" என்று கேட்டேன்.

"ஆரு, நானா?" சிரித்தார். "நான் நிறுத்தல்லியே."

அந்தச் சபைக்கு அவர் வந்தது அன்றுதான் முதல் தடவை.